காலை ஐந்தே கால், ஹோட்டல் வாசலில்

முதலில் அந்தக் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள்.
பெயர், நாடு, பதவி எல்லாம்
அரூஷா மண்டபத்தில் நேற்று மாலையோடு முடிந்தது.
காட்டில் உங்களை யாரும் வாசிக்கப் போவதில்லை.

நான் எலியாகிமு டெம்பா.
பதினெட்டு வருடமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறேன்.
ஒரே ஒரு முறை அழுதிருக்கிறேன்,
அதுவும் டீசல் விலைக்காக.

நீலக் கோட்டு எடுப்பாகத்தான் இருக்கிறது, பேராசிரியரே.
தாராங்கிரே செட்சி ஈக்களும் அதையேதான் சொல்லும்,
கொஞ்சம் கிட்டே வந்து.
நீலம் வேண்டாம், கறுப்பும் வேண்டாம்.
காய்ந்த புல்லின் நிறத்தில் ஏதாவது இருக்கிறதா?
இப்போது குளிரும், பத்து மணிக்கு வேகும்.
ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு
ஒவ்வொன்றாக உரித்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் வைத்த பெட்டி இங்கேயே இருக்கட்டும்.
அந்தப் பிளாஸ்டிக் பையும்.
இந்த நாட்டில் அதற்கு அனுமதி இல்லை, உங்களுக்கு உண்டு.

மலேரியா மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.
போன மாதம் ஓர் அமைச்சகச் செயலர்
என் முன் இருக்கையில்...
சரி, விடுங்கள். இருக்கை உறை புதிது.

ஒதுங்க வேண்டுமானால்
'டயரைப் பார்க்கணும்' என்று சொல்லுங்கள், எனக்குப் புரியும்.
வண்டிக்குப் பின்னால் மட்டும்.
தூரத்தில் வசதியாகத் தெரியும் அந்தப் புதர்
யாரோ ஒருவருடைய படுக்கையறை.

சிங்கம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூன்று நாளும் வாசலில் காத்திருந்தேன்.
உங்கள் பதாகையைப் பலமுறை வாசித்துவிட்டேன்:
'மனிதரும் விலங்கும், இணைந்து வாழும் வழிகள்.'
நல்ல துணி. மழையிலும் சாயம் போகவில்லை.

பூங்காவுக்கு வேலி கிடையாது, தெரியுமல்லவா.
எல்லை முடிந்து இரண்டாவது கிலோமீட்டரில்
என் மைத்துனி ந்தேஷியின் மக்காச்சோளக் கொல்லை.
செவ்வாய் இரவு ஆறு யானைகள்.
தகரத்தைத் தட்டினாள்.
மிளகாயும் சாணமும் சேர்த்துப் புகை போட்டாள்,
பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்தபடியே.
ஐந்து போய்விட்டன.
ஒன்று மட்டும் விடியும்வரை நின்று சாப்பிட்டது,
விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி.

அது இன்று நம் எதிரே வரலாம்.
இடது காதில் கிழிசல் இருக்கும்.
நீங்கள் 'அடடா, என்ன அழகு' என்பீர்கள்.
நானும் சொல்வேன், அது அழகுதான்.
ந்தேஷியும் அதையேதான் சொன்னாள்
மூக்கைச் சிந்திக்கொண்டே.

வந்தால் நான் எஞ்சினை நிறுத்துவேன்.
எழுந்து நிற்காதீர்கள்.
கதவைத் தட்டிக் கூப்பிடாதீர்கள், அது ஆட்டோ இல்லை.
கேமரா வெளிச்சம் போடக் கூடாது.
காதை விரித்துத் தலையை ஆட்டினால்
அநேகமாக மிரட்டல்தான், மூச்சை அடக்குங்கள்.
காதை ஒட்ட வைத்துத் துதிக்கையைச் சுருட்டினால்
யாரும் எதுவும் பேச வேண்டாம்,
யோசனையும் சொல்ல வேண்டாம்.
மற்றது என் காலுக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவில்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.
உங்களுக்கு மேடையில் இருபது நிமிடம் கொடுத்தார்கள்,
பதினெட்டில் மணி அடித்தார்கள்.
அதற்கு மணி அடிக்க ஆளில்லை.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல்
வாய் வாயாகக் குடியுங்கள். வழி முழுக்கப் பள்ளம்.
அன்பளிப்பு தருவதாக இருந்தால்
கடைசியில், ஷில்லிங்காக.
மடிப்பில் கிழிந்த டாலரை
வங்கிப் பெண் என் முகத்தைப் பார்க்காமலே திருப்பித் தள்ளுகிறாள்.

இறங்கும்போது இருக்கைப் பையில் கைவிட்டுப் பாருங்கள்.
ஃபின்லாந்திலிருந்து வந்த ஓர் அம்மாள்,
மண்ணைப் பற்றிப் பேச வந்தவர்,
வாசிக்கிற கண்ணாடியை விட்டுப் போய்விட்டார்.
இரண்டு வருடமாகிறது.
துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.
உங்களில் யாருக்காவது அவரைத் தெரியுமா?

சரி, ஏறுங்கள். கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறது,
பார்த்து.