குவாலிட்டி சைபர்

பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
மொட்டை மாடியும் மேலறையும் எனக்கு,
கீழ்க்கூடம் தம்பிக்கு,
மாடிப்படி பொது.
டிவியைப் பற்றி ஒரு வரி இல்லை.
அப்பா எண்பத்தொன்பதில் தவணையில் எடுத்த டயனோரா,
யாரும் கேட்காததால்
கூடத்திலேயே நின்றுவிட்டது.
ஆன்டெனா பைப் மட்டும் என் பக்கம்.

கேபிளுக்கு ஒரே வயர், ஒரே பில்.
தம்பி தன் பாதியைக் கட்டினான்.
நான் கட்டவில்லை.
முதுநகர் கேபிள்காரனுக்குப் பாதி வயர் வெட்டத் தெரியாது.
முழுசாக வெட்டிப்போனான்.
அதோடு ஏழு மாதம்,
படியில் எதிரே வந்தால்
அவன் செருப்பைப் பார்ப்பான்,
நான் உப்பனாற்றைப் பார்ப்பேன்.

சித்திரையில் ரிச்சி தெருவிலிருந்து ஒரு பெட்டி வந்தது,
சோப்பு டப்பா அளவு.
காற்றில் எண்ணாக வருவதைப் பிடித்து
படமாக்கிக் கொடுக்குமாம்.
கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள
டயனோராவுக்குப் பின்னால் ஒரே ஒரு துளை.
அதற்காக நடுவில் இன்னொரு பெட்டி.
மூன்றாம் நம்பரில் வைத்துவிட்டால் போதும்;
இத்தனை துபாஷி வேலை நடப்பது
டிவிக்குத் தெரியவே தெரியாது.

காற்று செத்துப்போன சாயங்காலம்.
இந்த மாதிரி நாளில்
சென்னை சிக்னல் கடல்மேல் வழுக்கிக்கொண்டே
இங்கே வரை வரும் என்று
துறைமுகத்தில் யாரோ தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
அவன் மனைவி அஞ்சுகம் முற்றத்தில் நின்று,
"அண்ணி, ஆன்டெனாவைக் கொஞ்சம் வடக்கே
திருப்பச் சொன்னாரு."
சொன்னாராம்.

பழைய பைப்,
அதன் உச்சியில் எலக்ட்ரீஷியன் பையன் மாட்டிய புதுசு,
வஞ்சிர முள் மாதிரி.
திருப்பினேன். உள்ளங்கையெல்லாம் துரு.

முன்பு இதே இடத்திலிருந்து
"தெரியுதா?" என்று கத்தினால்
எத்தனை பதில் வரும்!
புள்ளிப் புள்ளியா இருக்கு.
ரெண்டு ரெண்டா தெரியுது.
ஓடுது. குரல் மட்டும் வருது.
அரைகுறையாய் ஒரு முகம் வந்தாலும்
அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவோம்.
இந்தப் பெட்டிக்கு அதெல்லாம் ஆகாது.
வந்தால் கண்ணாடி மாதிரி வரும்.
இல்லையென்றால் கறுப்பு,
அதில் இரண்டு கோடு, இரண்டு எண்.

குக்கர் கூப்பிட்டது, அஞ்சுகம் உள்ளே போனாள்.
கொஞ்ச நேரம் யாருமில்லை.
பிறகு தெய்வசிகாமணியின் குரல்,
கட்டிப்போன தொண்டையைச் செருமிக்கொண்டு:
"பவர் நாப்பத்தொண்ணு. குவாலிட்டி சைபர்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பினேன்.

"நாப்பத்தஞ்சு. சைபர்."
"அம்பது. சைபர்தான்."
பெட்டி நிதானமாக யோசித்துத்தான் சொல்லும்;
நான் தாண்டிப் போன பிறகு
விட்டுவந்த இடத்தின் கணக்கு கீழே தெரியும்.
"போயிடுச்சு, போயிடுச்சு!
பின்னால வா. மெதுவாக்கா."

பின்னால் போனேன். மெதுவாக.

"முப்பது குவாலிட்டி! ஆடாம நில்லு!"

நின்றேன்.
கையை எடுத்தால் படம் போகிறது,
வைத்தால் வருகிறது.
கெண்டைக்காலில் கொசு.
சிப்காட் பக்கம் சிவப்பு விளக்கு
எரிந்து எரிந்து அணைந்தது.
கீழே செய்தி ஓடுகிறது.
நான் பார்க்கவில்லை, பார்க்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.
அகலப் படமாம்; நம் திரைக்கு
இரண்டு ஓரமும் வெட்டுப்படுகிறதாம்.
வானிலை வந்தபோது கத்தினான்:
"கானாவைக் காணோம்க்கா! டலூருன்னு போடறான்!"
சிரித்த மாதிரி இருந்தது.
முகத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது.

ஒன்பதரை மணிக்குக் கரைக்காற்று எழுந்தது.
செய்தி வாசித்தவள் வாய் திறந்தபடி உறைந்து
கட்டம் கட்டமாக உதிர்ந்துபோனாள் என்று
மறுநாள் அஞ்சுகம் சொன்னாள்.
அன்றைக்கு எனக்குக் கேட்டது,
"போச்சு."

பைப்பிலிருந்து கையை எடுத்து
புடவையில் துடைத்துக்கொண்டேன்.
மாடிப்படி பொது.
ஏறி வந்தான் என்று எழுத ஆசைதான்.
வரவில்லை.
கூடத்து விளக்கும் அணையவில்லை.

அரிசி ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு
கீழிருந்து சொன்னான்:
"நாப்பத்திரெண்டு."

நான் பைப்பைத் தொடவே இல்லை.