பதினான்கு எழுத்துகள்

ஒரே வாரத்தில் இரண்டு உறைகள் வந்தன,
குவோப்பியோவில் ஏரி உறையத் தொடங்கிய வாரம்.
ஒன்று நாய்க்கு. ஒன்று எனக்கு.

நாயின் பெயர் துயிஸ்கு.
சாக்லேட் நிற லாப்ரடார்,
வழிகாட்டி நாய்ப் பள்ளியில் என் பன்னிரண்டாம் மாணவி.
கையுறை தின்றிருக்கிறாள்,
பனிச்சறுக்குக் கட்டையின் மெழுகைத் தின்றிருக்கிறாள்,
ஒருமுறை காலண்டரில் பிப்ரவரி முழுவதையும்.

அவள் உறைக்குள்:
மரபணு ஒன்றில் பதினான்கு எழுத்துகள் இல்லை.
செய்தித்தாளில் பதினான்கு எழுத்து விட்டுப்போனால்
அச்சுப்பிழை என்று தாண்டிவிடலாம்.
இங்கே விட்டுப்போனது
‘போதும்’ என்கிற சொல்.

என் உறைக்குள் ஒரே எழுத்து.
அதுவும் தொலையவில்லை, மாறியிருந்தது,
ரகரம் நிற்க வேண்டிய இடத்தில்
றகரம் வந்து நின்றதுபோல.

டாக்டர் லெய்வோ தாளின் ஓரத்தில் மூளையை வரைந்தார்.
வால்நட் பருப்பு மாதிரி இருந்தது.
எனக்குப் பசித்தது.

நாயைப் பற்றியும் கேட்டேன்.
சிரிக்காமல் பதில் சொன்னார்:
வயிறு நிறைந்ததும் மூளைக்குள் ஒரு கடிதம் போக வேண்டும்;
நாய்க்குள் அதைச் சரியாக எழுதவே ஆளில்லை.
உங்களுக்கு எழுதி, தபால்தலை ஒட்டி,
வாசல்வரை வருகிறது.
கதவில்தான் துளையில்லை.

நாற்பத்தொரு வருடம்
அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்,
எனக்கு யாரும் எழுதுவதில்லை என்று.

சனிக்கிழமை சௌனாவில்
அண்ணி கற்களில் நீரை ஊற்றினாள்.
“மனசு வைத்தால் முடியும், ரீக்கா.”
நீராவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது. நல்லது.
முட்டைக்கோஸ் சூப் மனசு,
ஜனவரி மனசு,
தம்பி கல்யாணத்து நீலச்சட்டை மனசு –
எத்தனை வைத்தேன், எங்கே வைத்தேன்,
திரும்பிப் பார்த்தால் ஒன்றையும் காணோம்.

துயிஸ்குவிடம் யாரும் மனசு வைக்கச் சொன்னதில்லை.
பசி வந்தால் பத்தும் பறக்கும்;
இவளுக்கோ பசியால்தான் பத்தும் வந்தன.
நடைபாதை விளிம்பில் நிற்பது,
படிக்கட்டில் காத்திருப்பது,
தனக்கு இடிக்காத கிளைக்கும்
என் தலைக்காக ஒதுங்குவது.
ஒவ்வொன்றுக்கும் கடலை அளவு தீனி.
“என்ன கட்டுப்பாடு!” என்றார்கள் பேருந்தில்,
என் பக்கத்து இருக்கையைக் காலியாகவே விட்டு.

சந்தைச் சதுக்கத்தில் கடைசித் தேர்வு.
பள்ளிப் பையன் ஒருவன் தவறவிட்ட இறைச்சி பன்
பனிமேல் ஆவி பறக்கக் கிடந்தது.
சேணம் பூட்டிய துயிஸ்கு
கடந்துபோனாள்.
தொடை நடுங்கிற்று.
எச்சில் நூலாய் இறங்கிப் பனியில் துளையிட்டது.
தேர்வாளர் ‘சிறப்பு’ என்று குறித்துக்கொண்டார்.
அந்த நான்கு அடிக்கு என்ன விலை என்பது
அந்தச் சதுக்கத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

வரிக்கணக்கர் வார்த்தியாய்னெனுக்குப்
பார்வை போய் மூன்று வருடம்.
அளவுக் கோப்பையைக் கையில் கொடுத்து
உட்கோட்டை விரலால் தொடவைத்தேன்.
“காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு.
கண்ணால் எவ்வளவு கெஞ்சினாலும்.”
“கண்ணால் கெஞ்சினால்
எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.
நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார்,
“இவளுக்கு வயிறே நிறையாதா?”
“நிறையும். செய்திதான் வராது.
ராத்திரியில் கொஞ்சம்
காதுக்குப் பின்னால் தடவிக்கொடுங்கள்.”

தீனிப் பெட்டியை மூடினார். டக்.
கழுத்து மணி குலுங்கியது.
“இதோ, திரும்பிவிட்டாள்!” என்று மகிழ்ந்தார்.
மணி கட்டாத இன்னொரு தலையும்
திரும்பியிருந்தது.