அழிக்க வேண்டாம்

ஜனவரியில் இறந்தார் லெம்பி ஹார்யு.
அடக்கம் மே மாதம்.
மார்க்வெட்டில் அப்படித்தான்.
சுப்பீரியர் ஏரிக் காற்றில்
நாலடி ஆழத்துக்கு மண் கல்லாகிவிடும்,
தோண்டும் இயந்திரத்தின் பல் உடையும்.
அதுவரை
கல்லறைத் தோட்டத்து நிலவறையில்
வரிசையாகக் காத்திருப்பார்கள்
எங்கள் குளிர்காலத்து இறந்தவர்கள்.
கூட்டல் கணக்கில்
"கைவசம் ஒன்று" என்று
ஓரமாய்க் குறித்து வைப்போமே, அப்படி.

நான் அவரிடம் படித்தவன் இல்லை.
கல்லூரியை இரவில் பெருக்குகிறவன்.
இருபத்திரண்டு வருஷம்
214-ஆம் அறை என் பொறுப்பு.
மற்ற ஆசிரியர்கள் கரும்பலகையை
தின்று முடித்த தட்டு மாதிரி விட்டுப் போவார்கள்.
லெம்பி தானே துடைப்பார்,
மேலிருந்து கீழாக, ஈரத்துணியால், கோடு விழாமல்.
"ஜன்னல் துடைத்தவள் மகள் நான்,
எனக்குச் சொல்லித் தராதே" என்பார்.

ஒரே ஒரு முறை
வலது மூலையில் ஒரு கட்டம்.
உள்ளே ஆறு வரிக் கணக்கு.
மேலே: ரௌனோ, இதை மட்டும் அழிக்க வேண்டாம்.
பதினோரு இரவு அதைச் சுற்றித் துடைத்தேன்,
தூங்கும் குழந்தையைச் சுற்றிப் பெருக்குகிற மாதிரி.
ஒரு நாள் ஐந்தாம் வரி மாறியிருக்கும்.
ஒரு நாள் ஒரு குறி மட்டும்.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை,
ஆனாலும் கதவைத் திறந்ததும்
முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பேன்.
பன்னிரண்டாம் இரவு கட்டம் காலி.
நடுவில் ஒரு வரி:
தப்பு. மூன்றாம் வரியிலேயே தப்பு. பொறுத்ததற்கு நன்றி.
சாக்கட்டி வைக்கும் தட்டில்
காகிதத்தில் சுற்றி இரண்டு துண்டு
ஏலக்காய் ரொட்டி.

இதைத்தான் சொல்ல நினைத்தேன்,
ஜனவரியில்,
தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துச் சாப்பாட்டில்.
அதற்குள் யாரோ கேட்டுவிட்டார்கள்:
மொத்தம் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பார்?
அவ்வளவுதான்,
கை துடைக்கும் தாள்களில் எல்லோரும் கணக்கில் இறங்கினார்கள்.
முப்பத்தாறு வருஷம்,
வருஷத்துக்கு எட்டு வகுப்பு,
வகுப்புக்கு இருபத்தைந்து என்றாள் மருந்துக்கடை சிக்னே.
கோடை வகுப்பை விட்டுவிட்டாய் என்றான்
தாதுக் கப்பல் துறையிலிருந்து வந்த டெல்பர்ட்.
பாதியில் ஓடிப்போனவர்களைக் கழிக்க வேண்டாமா?
தோற்றுத் தோற்றுத் திரும்பி வந்தவனை
ஒரு தடவை எண்ணுவதா, மூன்று தடவையா?
கேட்டவரே மூன்று தடவை தோற்றவர்,
இன்று ஊரின் குடிநீர் அவர் கையில்.
ஏழாயிரத்து இருநூறு.
ஒன்பதாயிரம்.
ஐயாயிரத்தைத் தாண்டாது, பந்தயம் வை.
காப்பி ஆறியது, குரல்கள் ஏறின,
பாதிரியார் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

லெம்பியின் தம்பி வெய்க்கோ
அதுவரை வாய் திறக்கவில்லை.
கைத்தடியால் தரையைத் தட்டினார்.
"வழியைக் காட்டுங்கள்."
கூடமே சிரித்தது.
சிரிப்பு நின்றபோது சிக்னே அழுதுகொண்டிருந்தாள்.

அது அவருடைய சட்டம்.
விடை தப்பு, வழி சரி: பத்துக்கு ஏழு.
விடை சரி, வழி இல்லை: பூஜ்யம்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
கீழே "வந்து பார்".
போனவர்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும்,
திட்டும் கிடைக்கும்.
புனிதவதி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
வண்டியை இரண்டு இடம் அடைத்துத்தான் நிறுத்துவார்.
வரிப் படிவம் ஒரு வருஷமும் நேரத்துக்குப் போனதில்லை;
"அது கணக்கா? வெறும் எண்" என்பார்.

நான் என் கதையைச் சொல்லவில்லை.
அவர்கள் போட்ட எந்தத் தொகையிலும்
நான் இல்லை.
ஒரு தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்தேன்,
டெல்பர்ட்டுடையது,
பெருக்கலில் ஒரு பூஜ்யம் கூடுதல்.

மே பதினாலு.
பிர்ச் மரங்களில் இலை இன்னும் வரவில்லை.
ஏழு பேர் வந்திருந்தோம்,
ஏரியில் மிச்சப் பனிக்கட்டி கரையை உரசிக்கொண்டிருந்தது.
பெட்டியை இறக்கி
எடுத்த மண்ணைத் திரும்பப் போட்டார்கள்.
மேடு கட்டி, மிதித்து, தட்டிச் சமன் செய்த பிறகும்
ஓரத்தில் இரண்டு தள்ளுவண்டி மண் நின்றது.
வெய்க்கோ அதைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று
சொல்லக்கூடியவர் கீழே இருந்தார்.
தோண்டிய பையன் கையுறையைக் கழற்றியபடி
மீதியை என்ன செய்ய என்று கேட்டான்.
இருக்கட்டும் என்றேன்.