குடை சேராது

புதுவயலில் மூன்று ரைஸ்மில்லுக்கு நடுவே
என் அலுவலகம்.
அலுவலகம் என்றால்
ஒரு மடிக்கணினி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
காற்றில் வந்து படியும் உமித் தூசியைத்
துடைக்க ஒரு பழைய பனியன்.

வேலை சுலபம்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில் ஒரு கார்
தானே ஓடப் பழகுகிறது.
அது பார்த்ததையெல்லாம் எனக்கு அனுப்பும்.
நான் மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போடுவேன்.
படத்துக்கு நாற்பது நொடி,
கட்டத்துக்கு அறுபது பைசா.
எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.
அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.
மில்லில் மூட்டை எண்ணும் அடைக்கலம்
என்னை ஓவியர் என்று நினைத்திருக்கிறார்.

விதிமுறை நூற்றுப்பத்துப் பக்கம்.
சுவரொட்டியில் சிரிப்பவர் மனிதர் அல்லர்.
கண்ணாடியில் தெரிபவர் மனிதர் அல்லர்.
துணிக்கடைப் பொம்மை
எவ்வளவு நன்றாக உடுத்தியிருந்தாலும், அல்ல.
வண்டிக்குள் இருப்பவர், வண்டி.
பாதி மறைந்தவரை
மீதியும் இருப்பதாக நம்பி வரையவும்.
இந்த ஒன்றை மட்டும் யாரோ
ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியிருக்க வேண்டும்.

வைக்கோல் ஏற்றிய டிராக்டர்,
அதன்மேல் மல்லாந்து போன் பார்க்கும் பையன்,
பின்னால் கயிற்றைப் பிடித்தபடி
மிதிக்காமல் வரும் சைக்கிள்காரர்.
இந்தத் தெருவை எந்தக் கார் கற்கும் என்று
கண்காணிப்பாளர் பிரதாபனைக் கேட்டேன்.
கட்டைவிரல் ஒன்றை அனுப்பினார்.

வாரக் கூட்டத்தில் நான் பேசினால்
மென்பொருள் மில் சத்தத்தை நீக்கிவிடும்.
மில்லை மீறிப் பேசப் பழகிய குரல் என்பதால்
என்னையும் சேர்த்து.

போன செவ்வாய் கடவுச்சொல் மறந்துபோனது.
நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்கவும்,
சிக்னல் விளக்குள்ள கட்டங்களைத் தொடவும்.
கம்பம் சேராது, விதி ஏழு.
விளக்கை மட்டும் தொட்டேன்.
தவறு.
மறுபடி.
தவறு.
பக்கத்து வீட்டு சிகப்பியின் மகள், ஏழு வயது,
உப்பு மாங்காய்க் கையோடு எட்டிப் பார்த்து
எதையோ நாலு தட்டு தட்டினாள்.
மனிதன் ஆனேன்.
திரையில் கறை இன்னும் போகவில்லை.

அந்தச் சிவப்புக் குடைக்காரியைப் பார்த்தது
முந்நூற்றுப் பதினோராம் படத்தில்.
மழை. ஒரு கால் நடைபாதையில், ஒரு கால் தாரில்.
அடுத்ததில் இரண்டு காலும் சாலையில்.
அதற்கடுத்தது எனக்கு வரவில்லை.
சேலத்திலோ மணிலாவிலோ
வேறொருவருக்குப் போயிருக்கும்.
கடந்துவிட்டாளா என்று கேட்கப்
பொத்தான் கிடையாது.

அன்று காரைக்குடியில், கல்லுக்கட்டிப் பக்கம்,
யோசனையோடு குறுக்கே போனேன் போல.
லாரிக்காரர் பிரேக்கை மிதித்து
தலையை வெளியே நீட்டி
வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்.
என்னைப் பார்த்துத்தான் சொன்னார்,
முழு ஆளாக.
கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நேற்று அந்த இரண்டு படமும் திரும்பி வந்தன.
குடை மனிதரில் சேராது, திருத்தவும்.
கட்டத்தின் மேல்விளிம்பைப் பிடித்து
அவள் தலைமுடிவரை இறக்கினேன்.
அந்த ஊர் மழையில் அவளை நனையவிட
ஆறு நொடி ஆனது.
திருத்தத்துக்குக் காசு இல்லை.

சாயங்காலம் இங்கேயும் இடித்தது.
களம் நிறைய அவித்த நெல்.
"யார்றா வீட்டுல? வந்து தார்ப்பாயப் பிடிங்கடா!"
அடைக்கலத்தின் குரலை நீக்க
மென்பொருள் இன்னும் வரவில்லை.
ஓடினேன். ஒரு முனை எனக்கு,
ஒரு முனை சிகப்பிக்கு,
நடுவில் காற்று புகுந்து
எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

திரும்பி வந்தால் என் பச்சைப் புள்ளி மஞ்சள்.
பதினேழு நிமிடம் இல்லை, காரணத்தைத் தேர்வு செய்யவும்:
மின்தடை, இணையத் தடை, கழிப்பறை, குடும்பத்தில் மரணம்.
தலையிலிருந்து எழுத்துகளின் மேல் சொட்டியது.
கழிப்பறையைத் தேர்ந்தேன்.
பதினேழு நிமிடமா என்றார் பிரதாபன்.
வயிறு சரியில்லை என்றேன்.
கட்டைவிரல் வந்தது.