தம்

பர்க்காவில் ஆகஸ்ட்.
கடல் பக்கமிருந்து காற்று வருவதில்லை,
பிழியாத ஈரத்துணிதான் வருகிறது.

அறைக்குப் பின்னால் கூண்டு.
உடைந்த தண்ணீர்த் தொட்டியைப் பாதியாய் அறுத்து
மேலே பேரீச்ச மட்டை பரப்பியது.
வெள்ளிச் சந்தையில் வாங்கிய பதினொரு குஞ்சுகள்,
வயது நாலு வாரம்.

செவ்வாய் காலை
ஒன்று மட்டும் தீனிக்கு ஓடிவரவில்லை.
இறகைச் சிலுப்பி, கழுத்தை உள்ளே இழுத்து
குளிரில் பஸ்ஸுக்கு நிற்பவனைப்போல் நின்றது,
நாற்பத்திமூன்று டிகிரியில்.

குனிந்து பார்த்தேன். எச்சம் சிவப்பு.
தர்ப்பூசணி தின்றிருக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
முந்தின நாள் தர்ப்பூசணி போட்டதும் உண்மை.
பொய்க்கு எப்படியோ ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

மதியம் அது இல்லை.
புதன்கிழமை இன்னும் இரண்டு.

மிச்சத்தை அறுத்துவிடலாம் என்றான் ஷஃபிகுல்,
எங்கள் இருவருக்குமே சரியாக வராத இந்தியில்.
ரத்தம் கழிகிற குஞ்சை யார் தின்பது என்றேன்.
மிளகாய் கூடப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றான்.

கால்நடை மருந்துக் கடையில் ஒரு சூடானி.
இத்ரீஸ் என்று சட்டையில் தைத்திருந்தது.
என் அரபி வேலைக்கான அரபி:
கேஸ் இல்லை, மோட்டார் போச்சு, நாளைக்கு வருகிறேன், காசு எப்போது.
அதில் கோழிக்குடலுக்கு இடமில்லை.
வயிற்றைத் தொட்டேன்,
வெட்கத்தை விட்டுப் பின்பக்கத்தையும் காட்டினேன்.
கடைசியில் ஒரு சொல் வந்தது: தம்.
அவன் மொழியில் அது ரத்தம்.
என் மொழியில்
வாசலில் நின்று இழுப்பது,
கம்ப்ரசரை மொட்டைமாடிக்கு ஏற்றும்போது கட்டுவது.
சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

மோயா? என்றான்.
மருந்து கலக்கத் தண்ணீர் என்று நினைத்துத் தலையாட்டினேன்.
அவன் கல்லாவைச் சுற்றி வெளியே வந்து
குந்தி உட்கார்ந்து தரையைத் தடவினான்.
குஞ்சு படுக்கிற இடம். ஈரமா?

பொட்டலத்தின் மேல் ஐந்து கோடு போட்டான், ஐந்து நாள்.
வேறு தண்ணீர் எதுவும் வைக்காதே.
நான் பெருமையாய்க் காட்டிய வைட்டமின் புட்டியைப் பார்த்து
விரலை ஆட்டினான். இப்போது வேண்டாம்,
அதை முதலில் கிருமிதான் குடிக்கும்.
இரண்டு ரியால் நானூறு பைசா.

இரவு டார்ச்சோடு கூண்டுக்குள் கைவிட்டேன்.
மூன்று மூலை காய்ந்த உமி.
நாலாவது மூலை சேறு.
சொட்டு. எண்ணினேன். நாலு நொடிக்கு ஒன்று.
அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும்.
சுவரில் நீர் இறங்குகிறதென்று
ஏசிக் குழாயை இரண்டடி நீட்டி விட்டது
ஊர்முழுக்க ஏசி மாட்டுகிற நான்தான்.
ஆறு பேர் போர்வை இழுத்துத் தூங்கிய இரவெல்லாம்
அங்கே சொட்டிச் சேர்ந்திருக்கிறது.
கண்ணுக்குத் தெரியாத முட்டைகள்
அந்தச் சேற்றில் பக்குவமாகி
தீனியோடு உள்ளே போய்
குடலைக் கிழித்துப் பெருகி
மறுபடி அதே சேற்றில்.

பதினோரு மணிக்கு ஷஃபிகுல் மண்வெட்டியோடு வந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை. உமியைச் சுரண்டினோம்.
தச்சுக்கடை மரத்தூள் இரண்டு மூட்டை அவன் கொண்டுவந்தது,
எப்போது கேட்டு வாங்கினான் என்று தெரியாது.
மிக மோசமான இரண்டையும்
ஒரு ஏசி அட்டைப்பெட்டியில் தனியே வைத்தோம்.
பெட்டியில் எழுதியிருந்தது: கவிழ்க்காதீர்.

மூன்றாம் நாள் ஒன்று தீனியைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டது.
நாலாம் நாள் கொத்தி விழுங்கியது.
ஐந்தாம் நாள் எச்சம் எச்சத்தின் நிறத்தில்.
படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.
சாப்பிடுற நேரத்துல என்ன கருமம் இது
என்று தில்லைக்கொடியிடமிருந்து பதில் வந்தது.

எட்டு. அதில் ஒன்று வளரவே இல்லை,
கொண்டை வெளுத்து, மற்றவற்றின் காலிடுக்கில் புகுந்து தின்கிறது.
கடையைத் தாண்டி வேன் போகும்போது
இத்ரீஸ் கத்தினான்: தம்?
மாஃபி! என்றேன்.
என் அரபியில் காசு பற்றி இல்லாத முதல் வாக்கியம்.

குழாய் இப்போது வாளிக்குள்.
ராத்திரி ஒருமுறை எழுந்து
வாளியை ஊற்றிவிட்டு வருகிறேன்,
கூண்டிலிருந்து முப்பதடி தள்ளி,
அளந்துதான்.