லோரிக்கு அடியில்

போன வருஷக் குழுவில்
பந்து கைக்கு வந்தால் சுடும்.
யாரிடமாவது தள்ளிவிடுவேன்.
தவறவிட்டால் கத்துவார்கள்;
கத்தாதவர்கள்
தண்ணீர்ப் போத்தலைத் தரையில் வைக்கும் விதத்தில் சொல்வார்கள்.
ஒளியப் பழகினேன்,
ஒளிய இடமே இல்லாத திடலில்.

இது பகாவ். சீனப்பள்ளித் திடல்.
புதன்கிழமை, ஆறு மணி.
செம்பனை ஆலைப் புகை
பலகைக்கு மேலே சாய்ந்து போகிறது.
வளையத்தில் வலை இல்லை;
விழுந்ததா இல்லையா என்று
பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

என் முதல் வீச்சு பலகையைக்கூடத் தொடவில்லை.
பந்து சாக்கடை தாண்டி
பழக்குலை லோரிக்கு அடியில் போய் நின்றது.
தலை குனிந்து எடுக்கப் போனேன்.
கூடவே நான்கு பேர் ஓடி வந்தார்கள்.
மெய் யீ முட்டிபோட்டுக் கையை நீட்டினாள்.
நோராய்னி சிரித்தாள்,
டயருக்குப் பின்னால்
தூங்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்து.

"லாகி" என்றாள் தர்ஷாயினி.
மறுபடியும் எறிந்தேன்.
மறுபடியும் தவறியது.
"லாகி."

ஏழரைக்கு விளக்கை அணைத்துவிட்டார் காவலாளி.
பந்து தட்டும் சத்தம் மட்டும்
எங்கேயோ.
"இங்க போடு!" என்று
இருட்டில் ஒரு குரல்.

என்னுடையது என்று தெரிய
கொஞ்சம் நேரமானது.