மைனஸ் பதினெட்டு

ஒளிமானியில் மைனஸ் பதினெட்டு.
நேற்றும் அதே. போன வாரமும் அதே.
வெளிச்சம் ஒரு பொட்டுக்கூடச் சிந்தவில்லை.
ஆனாலும் மேற்கே காற்று உறுமும்போதெல்லாம்
தகவல் உடைகிறது;
பணகுடிக் காற்றாலைகள் இருபத்தாறும்
ஒரு விநாடி ஊமையாகி
மறுபடி பேசுகின்றன.

"கேபிள் நல்லாத்தானக்கா இருக்கு"
கம்பத்து உச்சியிலிருந்து மூக்காண்டி.

இன்னொரு கருவியைத் திறந்தேன்.
திரையில் ஓர் உருண்டை, அதன்மேல் ஒரு புள்ளி.
ஒளி எந்தச் சாய்வில் அதிர்ந்து வருகிறது என்பதற்கு
அந்தப் புள்ளிதான் சாட்சி.
கையிலிருந்த கண்ணாடியிழையை
இரண்டு விரலால் லேசாக நசுக்கினேன்.
புள்ளி உருண்டையின் தோளிலிருந்து
இடுப்புக்கு இறங்கியது.
விட்டேன்; ஏறியது.

அவ்வளவுதான் விஷயம்.
நசுங்கிய கண்ணாடிக்குள் ஒளிக்கு
இரண்டு திசை, இரண்டு வேகம்.
கட்டிலைத் தூக்கிப்போகும் இருவரில்
ஒருவன் அரை எட்டு பிந்தினால்
கட்டில் திரும்பிவிடுகிறதே, அதுபோல.
எதுவும் கீழே விழுவதில்லை.
அதனால் யாரும் கேட்பதில்லை.

இப்போது விரலே இல்லை, புள்ளி ஓடுகிறது.
ஆடிக் காற்று கணவாய் தாண்டி வர வர
உருண்டை முழுக்கக் கிறுக்குகிறது.
எங்கோ யாரோ முறுக்குகிறார்கள்.

நாலு கிலோமீட்டர், பைக்கில்.
ரோஸ்மியாபுரம் விலக்குக்கு அப்பால்
எங்கள் கேபிளில் கட்டித் தொங்கியது
பத்தடி ஃபிளெக்ஸ்:
செல்வி தங்கபிரபா, பூப்புனித நீராட்டு விழா.
நடுவில் அவள், கிரீடத்தோடு.
இருபுறமும் தாய்மாமன்கள், கூலிங்கிளாஸில்.
காற்று அடிக்கும்தோறும் அத்தனை பேரும்
வயிறு புடைத்து
கேபிளை முறுக்கினார்கள்.

மூக்காண்டி பிளேடை எடுத்தான்.
"அத்துராதிய, நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தான்!"
ஓடிவந்தவர் மாமன்களில் ஒருவராம்.
கூலிங்கிளாஸ் இல்லாமல் அடையாளம் தெரியவில்லை.
மாற்றிக் கட்ட அங்கே மரமும் கிடையாது,
அடுத்த கம்பமும் எங்களுடையதே.

கடைசியில் பிறை பிறையாகப்
பன்னிரண்டு கீறல் போட்டோம்,
அவள் முகத்தை விட்டுவிட்டு.
மாமன்களின் நெஞ்சு வழியே
காற்று புகுந்து அந்தப் பக்கம் போனது.

போனில் பார்த்தேன்.
புள்ளியின் ஓட்டம் நின்றிருந்தது,
நடுக்கம் மட்டும்.
அதை ரிசீவர் தாங்கும்.

பைக்கைத் திருப்பும்போது அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.
படத்தில் இருப்பதைவிடச் சின்னவள்.
வாடகை ஒட்டியாணத்தை யாரோ
அளவு பார்த்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
"வலிக்கா?"
"இல்ல" என்றாள்,
முகத்தை மட்டும்
கொஞ்சம் திருப்பி.